தபால்தலை அளவு ரப்பர்

சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது பிரேமைத்தான். கார்பனா, அலுமினியமா? அடுத்தது கியர். அதற்கடுத்தது எடை. டயரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கடைக்காரர் எதை மாட்டி வைத்திருக்கிறாரோ அதோடு வண்டி வீட்டுக்கு வந்துவிடும். அது தேய்ந்து, கிழிந்து, நடுவழியில் ஆளை இறக்கிவிட்ட பிறகுதான் "எந்த டயர் நல்லது?" என்ற கேள்வி பிறக்கும்.

என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 9 கிலோ சைக்கிளில் ஏறினால், தண்ணீர்ப் போத்தலையும் சேர்த்து மொத்தம் 80 கிலோ. அதில் பாதிக்குச் சற்று அதிகமாகவே பின் சக்கரத்தின் மேல் இறங்கும். டயரில் 6 பார், அதாவது 87 பிஎஸ்ஐ காற்று இருந்தால், பின் சக்கரம் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய 7 சதுர சென்டிமீட்டர். முன் சக்கரத்துக்கு 6. இரண்டு தபால்தலைகள், அவ்வளவுதான். வளைவில் சாய்வதும், பிரேக் பிடித்தால் நிற்பதும், மழையில் வழுக்காமல் வீடு சேர்வதும் அந்த இரண்டு தபால்தலை அளவு ரப்பரை நம்பித்தான்.

எங்கள் குடும்பத்தில் ரோட் பைக் ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். நான், என் தம்பி, அக்கா மகன். மூவரும் ஓட்டுவது மூன்று வகை டயர். எது உயர்ந்தது என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடக்காத குடும்ப விருந்து கிடையாது. என் பதில் எப்போதும் ஒன்றுதான். எந்தச் சாலையில் ஓட்டுகிறாய், கையில் எவ்வளவு காசு இருக்கிறது, பஞ்சரானால் எங்கே நிற்பாய்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் டயர் தானாகவே அமைந்துவிடும்.

பக்கவாட்டில் எழுதியிருப்பது

டயரின் பக்கவாட்டில் 700x25சி, 700x28சி என்று அச்சடித்திருக்கும். அருகிலேயே 25-622, 28-622 என்று இன்னோர் எண் இருக்கும். 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இன்றைய ரோட் பைக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இதே எண்தான். அதற்கு முன்னால் இருப்பது அகலம். நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர்தான் ரோட் பைக்கின் அடையாளம். அதில் 110, 120 பிஎஸ்ஐ வரை காற்றடித்துக் கல்போல இறுக்கி ஓட்டினார்கள். ஒல்லியாகவும் இறுக்கமாகவும் இருந்தால்தான் வேகம் என்பது அன்றைய நம்பிக்கை. இன்று டூர் டி பிரான்ஸ் போட்டியாளர்களே 28 அல்லது அதைவிட அகலமான டயரில், அன்றைக்கு இருந்ததைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுகிறார்கள்.

ஏன் இந்த மாற்றம்? டயர் உருளும்போது சாலையைத் தொடும் பகுதி நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. அப்படி நிமிரும் ஒவ்வொரு தடவையும் நம் கால் கொடுத்த சக்தியில் கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது. ஒரே அழுத்தத்தில் குறுகிய டயரின் தடம் நீண்டு ஒடுங்கியிருக்கும். அகலமான டயரின் தடம் குட்டையாகப் பரந்திருக்கும். குட்டையான தடத்தில் டயர் குறைவாகவே நசுங்கும், இழப்பும் குறையும். அதோடு, நாம் ஓட்டுகிற சாலைகள் பந்தயத் திடல்கள் அல்ல. தோண்டி மூடிய குழி, ஒட்டுப்போட்ட தார், கல் எழும்பிய ஓரம் எல்லாம் உண்டு. கல்போல இறுகிய டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் ஆளைத் தூக்கிப் போடும். அந்த அதிர்வை உடம்பு வாங்கிக்கொண்டு களைத்துப்போகும். அதுவும் இழப்புதான்.

ஆகவே பெரும்பாலோருக்கு என் முதல் பரிந்துரை 28. பழைய சைக்கிளாக இருந்தால் அது பிரேமுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் உரசாமல் சுழலுமா என்று முதலில் பாருங்கள். இரு பக்கமும், மேலேயும் குறைந்தது 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடமில்லையென்றால் 25 போதும். அதிலும் பழைய 23-ஐவிட நிம்மதி கிடைக்கும்.

காற்றை எவ்வளவு அடிப்பது? 28 மில்லிமீட்டர் டயருக்கு நான் சொல்லும் தொடக்க அளவு இது: 60 கிலோ எடையுள்ளவர் முன்னால் 65, பின்னால் 70 பிஎஸ்ஐ, 75 கிலோ என்றால் முன்னால் 75, பின்னால் 80, 90 கிலோ என்றால் முன்னால் 85, பின்னால் 90. இங்கிருந்து ஐந்தைந்தாகக் குறைத்தோ கூட்டியோ உங்களுக்குப் பொருந்துவதைக் கண்டுபிடியுங்கள். கை மரத்துப்போனால் காற்று அதிகம். குழியில் ரிம் இடிக்கிற சத்தம் கேட்டால் காற்று குறைவு. டயரிலும் ரிம்மிலும் அச்சடித்த உச்ச அளவை மட்டும் ஒருபோதும் தாண்டக் கூடாது. புதிய கார்பன் சக்கரங்கள் சிலவற்றில் ரிம்மின் ஓரத்தில் டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இருக்காது. அவற்றுக்கு உச்ச வரம்பு 5 பார், ஏறக்குறைய 72 பிஎஸ்ஐ. தயாரிப்பாளர் அனுமதித்த டயரை மட்டுமே அவற்றில் மாட்ட வேண்டும். அந்த வரம்புக்குள் உங்கள் எடை அடங்கவில்லையென்றால் டயரின் அகலத்தைக் கூட்டுவதுதான் வழி, காற்றை அல்ல.

விடியலுக்கு முன் ஓட்டுகிறவள்

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறவள். 6 மணிக்கு ஒலிபரப்பு. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை 4.30 மணிக்கு வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறேன். நிலையத்துக்கு 16 கிலோமீட்டர். சாலை காலியாக இருக்கும். காற்று குளுகுளுவென்று இருக்கும். ஆனால் வழியில் நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து போகிற ஒரு பாதை இருக்கிறது. அதில் பாதி விளக்குகள் எரியாது. அங்கே பஞ்சராகி, சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு, முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்திருக்க எனக்கு விருப்பமில்லை. இரவில் தனியாக எங்காவது நின்றிருக்கிற பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் என் டயரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: வழியில் நிற்காதே.

நம் ஊர் மோட்டார் சைக்கிள் தடங்களிலும் சாலையோரங்களிலும் டயரைக் குத்துவது ஆணி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆணியைவிட மோசமானது முடிபோன்ற இரும்புக் கம்பி. லாரி டயர்களுக்குள் எஃகுக் கம்பி வலை உண்டு. டயர் வெடித்துச் சிதறும்போது அந்தக் கம்பித் துணுக்குகள் சாலையோரத்துக்கு ஒதுங்குகின்றன. கண்ணுக்கே தெரியாது, டயருக்குள் ஏறி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அடுத்தது கண்ணாடித் துண்டு.

இவற்றைத் தடுக்கத்தான் ரப்பருக்கும் நூல் அடுக்குக்கும் நடுவே ஒரு பாதுகாப்புப் பட்டை வைத்த டயர்கள் இருக்கின்றன. சிலவற்றில் பக்கவாட்டிலும் தடித்த நெசவு உண்டு. காண்டினென்டல் கேட்டர்ஸ்கின், இன்னும் கனமாக வேண்டுமென்றால் ஷ்வால்பே மாரத்தான் போன்றவை இந்த வகை. விலை கடைக்குக் கடை மாறும். ஒரு டயருக்கு 80-லிருந்து 180 ரிங்கிட் வரை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கவசத்துக்கும் ஒரு விலை உண்டு. இந்த டயர்கள் பந்தய டயரைவிடக் கனமானவை, விறைப்பானவை. உருட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டும். நெடுநாள் உழைப்பதற்காக ரப்பரைக் கடினமாகச் செய்திருந்தால் ஈரச் சாலையில் பிடிப்பும் கொஞ்சம் குறையும். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. சில நிமிடம் முந்திக் கிளம்புகிறேன். ஈரத்தில் வளைவை மெதுவாக எடுக்கிறேன். போன ஆண்டு முழுக்க எனக்கு இரண்டே இரண்டு பஞ்சர். இரண்டும் விடிந்த பிறகு.

எந்த டயரும் பஞ்சராகாத டயர் இல்லை. அதனால் இருக்கைக்குக் கீழே உள்ள பையில் இரண்டு டியூப், இரண்டு நெம்புகோல், சின்னப் பம்ப், தலையில் மாட்டும் விளக்கு. கூடவே மடித்த 1 ரிங்கிட் நோட்டு ஒன்று. நம் 1 ரிங்கிட் நோட்டு பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது, எளிதில் கிழியாது. டயரில் வெட்டு விழுந்தால் உட்பக்கம் அதை மடித்து வைத்து, டியூப் பிதுங்காமல் வீடு வரை ஓட்டிவிடலாம்.

கெந்திங் ஏறுகிறவன்

என் தம்பி பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை என்றால் நண்பர் கூட்டத்தோடு உலு லங்காட் பக்கம் போய்விடுவான். ஆண்டுக்கு நாலைந்து முறை கெந்திங் ஏறுவான். 1996-இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கெந்திங் என்றால் ஒரு தனி வெறி. 1,700 மீட்டருக்கு மேல் உயரம், அதிலும் கடைசிப் பகுதி செங்குத்து. அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கு.

அவனுக்கு ஏற்றது பந்தய டயர். காண்டினென்டல் கிராண்ட் பிரி 5000, வித்தோரியா கோர்சா வகைகள். இவற்றில் நூல் அடுக்கு மெல்லியது, ரப்பர் மிருதுவானது. உள்வளையத்தில் இரும்புக் கம்பிக்குப் பதிலாக அராமிட் இழை இருப்பதால் டயரைக் கைக்குட்டைபோல மடித்துவிடலாம். விலை ஒன்றுக்கு 200-லிருந்து 300 ரிங்கிட் வரை போகும்.

டிபிஐ என்று பெட்டியில் ஓர் எண் போட்டிருப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்ற கணக்கு அது. எண் கூடக் கூட நூல் மெல்லியது, டயர் வளைந்து கொடுக்கும், வேகம் கூடும். 60 என்றால் முரட்டு நெசவு, 120 என்றால் நல்ல நெசவு. சில தயாரிப்பாளர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளைக் கூட்டி 330 என்று போடுவதுண்டு. அதில் அடுக்கு மூன்று, ஒவ்வொன்றிலும் 110 நூல். இது தெரிந்தால் கடையில் மலைத்து நிற்க வேண்டாம்.

டியூபிலும் வகை இருக்கிறது. சாதாரணக் கறுப்பு பியூட்டைல் டியூப் 12-லிருந்து 20 ரிங்கிட்; காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும். லேட்டெக்ஸ் டியூப் வேகமானது, ஆனால் காற்று கசியும். ஒவ்வொரு நாளும் பம்ப் எடுக்க வேண்டும். டிபியூ எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் மிக இலேசானது, பையில் தீப்பெட்டி அளவு இடம்தான் பிடிக்கும். ஆனால் ரிம்மைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் ரிம் கடுமையாகச் சூடேறும். அப்படிப்பட்ட சக்கரங்களில் டிபியூ டியூபைப் பயன்படுத்த வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

தம்பியின் குறை ஒன்றுதான். விலை கொடுத்து வாங்கியதை உயிர் போகும்வரை ஓட்டுவான். மூன்று மாதத்துக்கு முன் அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, அந்தப் பின் டயரை ஒருதடவை பாருங்க. நான் சொன்னா, 'இன்னும் ஓடும்'ங்கிறார்" என்றாள். அவளுக்கு அப்போது ஏழாவது மாதம். அடுத்த வாரம் அவன் கெந்திங் போவதாக இருந்தது.

போய்ப் பார்த்தேன். டயரின் நடுப்பகுதி வட்டம் போய்த் தட்டையாகியிருந்தது. தேய்மானத்தைக் காட்டுவதற்காக ரப்பரில் இரண்டு சிறு குழிகள் வைத்திருப்பார்கள், அவை மறைந்திருந்தன. ஓரிடத்தில் ரப்பரைத் தாண்டி நூல் எட்டிப் பார்த்தது. மூன்றில் ஒன்று இருந்தாலே டயரைக் கழற்றிவிட வேண்டும். இவனுடையதில் மூன்றும் இருந்தன.

"அக்கா, மேல ஏறுறப்ப ஒன்னும் ஆகாது" என்றான்.

"ஏறுறப்ப ஆகாதுடா. எறங்குறப்ப?" என்றேன்.

பேசாமல் இருந்தான். 9,000 ரிங்கிட் சைக்கிளில் 250 ரிங்கிட் டயருக்குக் கணக்குப் பார்க்கிறவனிடம் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அன்று மாலையே இருவரும் கடைக்குப் போனோம்.

அங்கே தவுக்கே செய்ததை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். தேய்ந்தது பின் டயர்தான். ஆனால் புதிய டயரை அவர் முன்னால் மாட்டினார். முன்னால் இருந்த நல்ல டயரைப் பின்னுக்கு மாற்றினார். பின் சக்கரம் எடையையும் தாங்கி, வண்டியையும் தள்ளுவதால் சீக்கிரம் தேயும். ஆனால் பின் டயர் வழுக்கினாலோ வெடித்தாலோ பெரும்பாலும் சமாளித்து நின்றுவிடலாம். முன் டயர் போனால் ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது. அதனால் இருப்பதில் நல்லது எப்போதும் முன்னால்.

150 ரிங்கிட் வைத்திருந்தவன்

அக்கா மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். யாரோ சீனியரிடம் 600 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய ரோட் பைக் வாங்கினான். விடுதியிலிருந்து வகுப்புக்கும், பகுதிநேர வேலைக்கும் அதுதான் வண்டி. டயர் 23 மில்லிமீட்டர். பக்கவாட்டில் தொட்டால் உதிர்கிற மாதிரி வெடிப்பு. "சித்தி, என்கிட்ட 150 வெள்ளிதான் இருக்கு. ஒரு நல்ல டயர் வாங்கி முன்னால போட்டுக்கட்டுமா?" என்றான்.

நான் பணம் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருந்தது. சரி, உன் 150-க்குள்ளேயே முடிப்போம் என்று கிளம்பினோம்.

இரண்டு டயருமே வெடித்துப்போனவை என்பதால் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. பிரேக் இடைவெளியை அளந்து பார்த்தோம். 28 நுழையாது, 25 தாராளமாகச் சுழலும். இரும்புக் கம்பி வளையம் வைத்த 25 மில்லிமீட்டர் டயர், ஒன்று 60 ரிங்கிட். இரண்டு 120. பியூட்டைல் டியூப் இரண்டு 24. மீதி 6 ரிங்கிட்டுக்கு ஒட்டுப்போடும் பெட்டி ஒன்று. கணக்கு நேர்.

"மடிக்கிற டயர்தானே நல்லதுன்னு சொல்றாங்க, சித்தி?" என்று கேட்டான். மடிக்கிற டயர் இலேசு. மடங்காத டயரில் எடை சுமார் 50, 60 கிராம் கூடும். சாலையில் அது பிடிக்கிற பிடியில் அந்தக் கம்பி ஒன்றும் செய்யாது. வகுப்புக்குப் போகிறவனுக்கு அந்த 60 கிராம் ஒரு பொருட்டே அல்ல. நெகிழ்ச்சியான புதிய ரப்பரும் சரியான காற்றும் இருந்தால் 60 ரிங்கிட் டயர் கண்ணியமாக உழைக்கும்.

கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் விட்டுக்கொடுக்கலாம் என்று நான் சொல்வது எடையை, வேகத்தை, பெயரை. விட்டுக்கொடுக்கவே கூடாதவை இரண்டு. ஒன்று, யாரோ ஓட்டிக் கழித்த டயரை மலிவு என்று வாங்காதீர்கள். ரப்பர் காலத்தால் இறுகும், உள்ளே எந்த நூல் அறுந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. இரண்டு, ரிம்மின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் நாடாவைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் கம்பித் துளை டியூபை அறுத்துக்கொண்டே இருக்கும். டயர் மேல் பழி விழும். அந்த நாடாவின் விலை சொற்பம்.

காசு செலவில்லாத ஒன்றும் அன்று அவனுக்குக் கிடைத்தது. கடையிலேயே நின்று, அவன் கையாலேயே இரண்டு சக்கரத்துக்கும் டயர் மாட்டவைத்தேன். முதல் சக்கரத்துக்கு 25 நிமிடம், இரண்டாவதற்கு 11. புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்பக்கம் முழுவதும் விரலால் மெல்லத் தடவிப் பார்க்கச் சொன்னேன். குத்திய கம்பி இன்னும் உள்ளேயே இருந்தால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும். விரலுக்குப் பயந்தால் ஒரு துண்டுத் துணி; கம்பி இருக்கும் இடத்தில் துணி மாட்டிக்கொள்ளும்.

மழைக்கு எந்த டயர்?

நம் ஊரில் மழையைப் பற்றிப் பேசாமல் டயரைப் பற்றிப் பேச முடியாது. "மழைக்குக் கோடு போட்ட டயர் வேண்டாமா, இது வழுவழுன்னு இருக்கே?" என்று கேட்காதவர் இல்லை.

கார் டயர் அகலமானது, தட்டையானது, காற்றழுத்தம் குறைவு. வேகமாகப் போகும்போது அதற்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் சிக்கிக்கொள்ளும். அதை வெளியேற்றத்தான் அந்தக் கோடுகள். சைக்கிள் டயர் ஒடுக்கமானது, வளைந்தது, அழுத்தம் அதிகம். படகின் முனைபோல அது தண்ணீரைத் தானே விலக்கிவிடும். நாம் ஓட்டுகிற வேகத்தில் நீரின் மேல் மிதக்கிற ஆபத்து இல்லை. ஈரத்தில் பிடிப்பைத் தருவது ரப்பர்க் கலவையின் மிருதுத்தன்மைதான். வழுவழு டயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இறுகிப்போன பழைய ரப்பரைப் பார்த்துப் பயப்படுங்கள்.

மழை நாளில் காற்றை ஐந்து பிஎஸ்ஐ குறைத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிடம் சாலையில் படிந்த எண்ணெய் மேலே வரும் நேரம். அதுதான் மிக மோசமான வழுக்கல். சாலையில் போட்ட வெள்ளைக் கோடு, இரும்புத் தகடு, வடிகால் மூடி இவற்றின் மேல் வளையாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள், நேராகக் கடந்துவிடுங்கள். ஈரமான ரப்பரைக் கண்ணாடி எளிதில் வெட்டும், ஆகவே மழையில் ஓட்டி வந்த அன்றைக்கே டயரைத் துடைத்துச் சுற்றிப் பாருங்கள். சிக்கிய துண்டை முள் எடுக்கும் இடுக்கியால் எடுத்துவிட்டால் நாளைய பஞ்சர் இன்றே தீர்ந்தது.

அப்பாவுக்குத் தெரிந்த வாசனை

டியூபே இல்லாத டயர்கள் இப்போது பரவலாகிவிட்டன. டியூபுக்குப் பதிலாக உள்ளே ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றுவார்கள். சிறு துளை விழுந்தால் அந்தத் திரவம் துளைக்குள் புகுந்து இறுகி அடைத்துவிடும்; ஓட்டுகிறவருக்குச் சில சமயம் பஞ்சரானதே தெரியாது.

தம்பி இதற்கு மாறியபோது எங்கள் வீட்டுக் கார்ப் போர்ச்சில் வைத்துத்தான் திரவத்தை ஊற்றினான். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற நெடி. உள்ளே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். "என்னடா இது, தோட்டத்து ஸ்டோர் வாசனை அடிக்குது?" என்றார்.

அப்பாவின் மூக்கு சரியாகத்தான் சொன்னது. இந்தத் திரவங்களில் பல, இயற்கை ரப்பர்ப் பாலால் ஆனவை. பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள். பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலை மரத்தில் கோடு கீறி, மங்கில் வழிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்து போய் நிறுத்துக் கொடுத்தவர். அங்கே அடித்ததும் இதே நெடிதான். அப்பா அந்தப் போத்தலைக் கையில் வாங்கி விலையைக் கேட்டார். தம்பி சொன்னதும் சிரித்துவிட்டார். "இவ்வளவு பாலுக்கு உங்க பாட்டிக்கு என்ன கூலி குடுத்தான்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். முதலில் சைக்கிளும் பிறகு காரும் ரப்பர் கேட்கக் கேட்க, இங்கே காடுகள் தோட்டமாயின. நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். சைக்கிள் டயருக்கும் நமக்கும் உள்ள உறவு கடையில் தொடங்கியதல்ல.

இந்த முறை எல்லாருக்கும் வேண்டுமா? நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு, 28-க்கு மேல் அகலம் உள்ளவர்களுக்கு மிகவும் நல்லது. அதற்கென்று செய்த ரிம்மும் டயரும் வேண்டும். நம் வெப்பத்தில் திரவம் சீக்கிரம் வற்றும்; இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களும், அக்கா மகனைப் போல எளிய வண்டி வைத்திருப்பவர்களும் டியூபோடு இருப்பதே நிம்மதி. பெரிய வெட்டு விழுந்தால் திரவமும் காப்பாற்றாது; அதனால் தம்பியின் பையில் இன்றும் ஒரு டியூப் உண்டு.

தம்பிக்கு மகள் பிறந்து ஒரு மாதமாகிறது. போன சனிக்கிழமை இரவு அவனிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது. குழந்தையின் படம் என்று நினைத்து ஆசையாகத் திறந்தேன். டயர். பளிச்சென்ற விளக்கில், நெருக்கத்தில் எடுத்த முன் டயர். கீழே ஒரு வரி: "அக்கா, நாளைக்கு மழைன்னு சொல்றாங்க. எவ்வளவு காத்து குறைக்கட்டும்?"

ஐந்து என்று பதில் அனுப்பினேன். மெதுவாக இறங்கு என்று இன்னொரு வரி எழுதி, பிறகு அழித்துவிட்டேன். அது அவனுக்கே தெரிந்திருந்தது.